நைஜீரியா போன சேர்மாரும் அக்காவின் நீல பைலும்

எங்களுக்கு மூன்று பட்ச் முன்னால் கலைப்பீடத்தில் படித்த அக்கா ஒருவர் போன மாதம் வளாகத்துக்கு வந்திருந்தார். வன்னியில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவ. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் முடித்துவிட்டா. கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அவவின் கையில் இருந்த நீல பைலைக் கண்டோம். பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஓ.எல். பெறுபேறு, ஏ.எல். பெறுபேறு, பட்டச் சான்றிதழ், நியமனக் கடிதம், அதிபரின் கடிதம் என்று எல்லாம் பொலித்தீன் உறைகளுக்குள் வரிசையாக இருந்தன. அன்றைக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் எடுக்க வந்தவ. "எந்த நாடு அக்கா?" என்று கேட்டோம். "முதல்ல பேப்பரைச் சேர்ப்பம், நாட்டைப் பிறகு பாப்பம்" என்றா.

அதே கிழமை எங்களில் ஒருத்தியின் வீட்டில் இன்னொரு பைல் வெளியே வந்தது. அவளுடைய அம்மப்பா 1978 இல் நைஜீரியாவுக்குப் போன கணித ஆசிரியர். றங்குப்பெட்டியில் கிடந்த, ஓரம் அரித்துப்போன மட்டை பைல் அது. உள்ளே மொத்தம் பதினொரு தாள். அக்காவிடம் போன் பண்ணி எண்ணச் சொன்னோம். நாற்பத்து மூன்று, இன்னும் முடியவில்லை.

இந்த இரண்டு பைலுக்கும் இடையில் என்ன நடந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. இலங்கையில் ஆசிரியராக இருக்கிற ஒருவர் இன்னொரு நாட்டிலும் ஆசிரியர்தான் என்று யார் முடிவெடுக்கிறார்கள்? எப்போது டக்கென்று முடிவெடுத்தார்கள், எப்போது இழுத்தடித்தார்கள்?

வெளியே போய்ப் படிப்பிப்பது எங்கட ஊருக்குப் புதுசு இல்லை. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்த கனபேர் அந்தக் காலத்திலேயே தமிழகத்துக்கு ஆசிரியர்களாகப் போயிருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் முதல் பட்டதாரிகள் என்று அறிவித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்தான். தாமோதரம்பிள்ளையை நாங்கள் ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவராக மட்டும் படிக்கிறோம். கடல் கடந்து போய்ப் படிப்பித்த ஆசிரியராகவும் அவர் இருந்தவர். அப்போது இரண்டு கரையிலும் ஒரே வெள்ளைக்காரர் ஆட்சி. பாதிரியாரின் ஒரு கடிதம் போதுமாக இருந்திருக்கும். பிறகு மலாயாவுக்குப் போனவர்களின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். றெயில்வேயிலும் கந்தோரிலும் வேலை செய்தவர்களோடு பாடசாலைகளுக்கும் ஆட்கள் போனார்கள்.

எங்களுக்கு உண்மையில் ஆச்சரியமாக இருந்தது எதிர்ப்பக்கத்துக் கதை. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளே வெளிநாட்டு ஆசிரியர்களை நம்பி இருந்திருக்கின்றன. இலங்கையில் பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இல்தான் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் வந்தது. விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்க உள்ளூரில் பட்டதாரிகள் காணாது. அதனால் கேரளாவில் இருந்தும் தமிழகத்தில் இருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். எங்கட தாத்தாமாரின் வாயில் வரும் "மலையாளத்து மாஸ்ரர்" கதைகள் அந்தக் காலத்தவை. பிறகு 1948 இன் 20 ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு இந்த நாட்டுக் குடிமகன் இல்லாதவர் இங்கே இருப்பதற்கே வதிவிட அனுமதி தேவைப்பட்டது. வகுப்பறையில் இருந்த ஆசிரியர் ஒரு சட்டத்தோடு வெளிநாட்டுக்காரர் ஆகிவிடுவார் என்பதை எங்கட ஊர் அப்போதே கண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் கதையையும் சொல்லத்தான் வேணும், ஏனென்றால் இன்றைக்கும் எல்லாரும் முதலில் பார்க்கிற கதவு அது. 1962 இல் பிரித்தானியா பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் கொமன்வெல்த் நாட்டுக்காரர் தாராளமாகப் போகலாம். அதற்குப் பிறகு வவுச்சர் வேணும். ஏ, பி, சி என்று மூன்று வகை. கையில் வேலை உள்ளவருக்கு ஏ, தகைமை உள்ளவருக்கு பி, மற்றவருக்கு சி. ஆசிரியர்கள் பி வகைக்குள் வந்தார்கள். இந்தியாவில் இருந்தும் பாகிஸ்தானில் இருந்தும் பட்டதாரி ஆசிரியர்கள் அந்த வவுச்சரோடு போய் இறங்கினார்கள். போன இடத்தில் உள்ளூர்க் கல்வி அதிகாரிகள் உச்சரிப்பு சரியில்லை, எங்கட பிள்ளைகளுக்கு விளங்காது என்றார்கள். அப்படி நின்றவர்களில் கனபேர் பஸ் கொண்டக்டராகவும் ஆலைத் தொழிலாளியாகவும் வேலை செய்தார்கள். நாட்டுக்குள் விட்ட அதே சான்றிதழ் வகுப்பறைக்குள் விடவில்லை. விசா ஒரு கதவு, வேலை இன்னொரு கதவு. இரண்டையும் ஒரே கதவு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் இப்பவும் இருக்கிறார்கள்.

இனி அம்மப்பாவின் பைலுக்கு வருவோம்.

1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியது. நைஜீரியாவின் கையில் திடீரென்று காசு புழங்கியது. 1976 செப்ரெம்பரில் அந்த நாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியது. கட்டடத்தை ஒரு வருடத்தில் எழுப்பலாம். ஆசிரியரை அப்படி உருவாக்க ஏலாது. ஆரம்பப் பாடசாலைகளுக்கு உள்ளூரில் அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியைக் கொடுக்கிற கல்லூரிகளுக்கும் இடைநிலைப் பாடசாலைகளுக்கும் வெளியில் இருந்து ஆள் எடுத்தார்கள். கானா, இந்தியா, பிலிப்பைன்ஸ், இலங்கை என்று பல இடங்களில் இருந்தும் போனார்கள். 1979 தேர்தலுக்குப் பிறகு மேற்கு மாநிலங்கள் இடைநிலைக் கல்வியையும் இலவசமாக்கின. 1976 இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 1982 இல் ஆரம்பப் பாடசாலையை முடித்து வெளியே வந்தார்கள். ஆசிரியர் தேவை கூடிக்கொண்டே போனது.

ஏன் எங்கட ஆட்கள் பொருந்தினார்கள்? அம்மப்பாவிடம் கேட்டபோது, "இங்கிலிசு" என்று ஒரே சொல்லில் முடித்தார். இங்கே 1945 க்குப் பிறகு பாடசாலைக் கல்வி படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது. 1960 இல் பல்கலைக்கழகத்தின் கலைப் பாடங்களும் மாறின. விஞ்ஞானமும் கணிதமும்தான் கொஞ்சக் காலம் ஆங்கிலத்தில் நின்றன. அம்மப்பா ஆங்கிலத்தில் படித்து, சென்னையில் பி.எஸ்சி. முடித்து, ஊருக்கு வந்து அதே கணிதத்தைத் தமிழில் படிப்பித்தவர். 1978 இல் நாற்பது வயது. ஆங்கிலத்தில் படித்த கடைசித் தலைமுறை அவருடையது. அடுத்த தலைமுறை தாய்மொழியில் படித்தது. தாய்மொழிக் கல்வி பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதுவதே அதனால்தான். ஆனால் நைஜீரியா கேட்ட தகைமை அந்தத் தலைமுறையோடு முடிந்தது என்பதும் உண்மை.

அவர் போன விதம் இப்படி. பேப்பரில் விளம்பரம். தபாலில் விண்ணப்பம். கொழும்பில் நேர்முகம், நைஜீரியாவில் இருந்து வந்த இரண்டு அதிகாரிகள். "இருபது நிமிசம். ஒரு முக்கோணக் கணக்கைப் பலகையில போட்டு விளங்கப்படுத்தச் சொன்னவை. சேட்டிபிக்கற்றை ஒருக்காப் புரட்டிப் பாத்தவை, அவ்வளவுதான்." பட்டச் சான்றிதழைச் சென்னைக்கு அனுப்பி உண்மையா என்று கேட்டார்களா என்றோம். சிரித்தார். மருத்துவச் சான்றிதழ், இரண்டு வருட ஒப்பந்தம், விமான ரிக்கற். மற்றத் தாள்கள் ஊரில் விடுமுறை எடுத்ததற்கானவை. பதினொரு தாள் அவ்வளவும்தான்.

காசுக்கணக்கும் சொல்ல வேணும். 1980 அளவில் ஒரு நைரா ஒன்றரை டொலருக்கும் மேல் போனது. இங்கே 1977 இல் ரூபாயின் பெறுமதியைக் குறைத்த பிறகு ஒரு டொலர் ஏறத்தாழ 16 ரூபாய். ஊரில் வீடு கட்ட, தங்கச்சிமாரின் சீதனத்தைக் கொடுக்க அந்த இரண்டு வருடம் போதும் என்று கணக்குப் போட்டவர்கள் கனபேர். காசு மட்டும் காரணம் இல்லை என்றும் அம்மப்பா சொன்னார். 1956 க்குப் பிறகு சிங்களம் தெரியாத தமிழ் உத்தியோகத்தருக்கு மேலே போக வழி இல்லை. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்து, தான் படிப்பித்த பிள்ளைகள் நல்ல புள்ளி எடுத்தும் வளாகத்துக்குப் போக முடியாமல் நின்றதைக் கண்டவர். "ஆருக்குப் படிப்பிக்கிறம் எண்ட கேள்வி வந்திட்டுது" என்றார்.

அவர் போன இடம் வட நைஜீரியா. வருட முடிவில் சகாராப் பக்கம் இருந்து ஹமட்டான் காற்று வீசும். வகுப்பறை முழுக்கத் தூசி, கரும்பலகையே மங்கலாகிவிடும். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளாக வந்த பிள்ளைகள். ஹவுசா மொழியில் பத்துச் சொல் படித்துக்கொண்டாராம். இன்றைக்கும் அவற்றைச் சொல்லிக் காட்டுகிறார்.

பிறகு எண்ணெய் விலை இறங்கியது. மாநிலங்களில் சம்பளம் பிந்தத் தொடங்கியது. 1983 ஜனவரியில் ஆவணம் இல்லாத வெளிநாட்டவர்கள் வெளியேற வேண்டும் என்று நைஜீரிய அரசாங்கம் அறிவித்தது. பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள், பெரும்பாலும் கானாக்காரர், மூட்டை முடிச்சோடு போனார்கள். அம்மப்பாவிடம் ஒப்பந்தம் இருந்தது, அதனால் நின்றார். ஆறு மாதத்தில் இங்கே யூலை. "வர வேண்டாம்" என்று அம்மம்மா கடிதம் போட்டா. அவரது சம்பளமற்ற விடுமுறை முடிகிற திகதி அந்த நேரத்தில்தான் வந்தது. நீடிக்கச் சொல்லி எழுதினார். பதில் வர மாதக்கணக்கு எடுத்தது. வந்த பதிலில், அவர் பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுகிறார் என்று இருந்தது. பதினொராவது தாள் அதுதான். பதினேழு வருடச் சேவையும் ஓய்வூதியமும் அந்த ஒரு தாளோடு போச்சுது.

1986 இல் நைராவையும் சந்தையில் விட, அதன் பெறுமதி விழுந்தது. அவரோடு இருந்தவர்களில் சிலர் அங்கிருந்தே லண்டனுக்கும் கனடாவுக்கும் போனார்கள். இவர் 1987 தொடக்கத்தில் ஊருக்கு வந்து ரியூட்டரியில் படிப்பித்தார். வீடு கட்டினது உண்மை. அந்த வீட்டின் பாதி பிறகு செல்லடியில் போனது வேறு கதை.

பதவி வெறிதாக்கல் என்ற அந்தச் சொல்லை நாங்கள் அன்றுதான் முதன்முதலில் கேட்டோம். போகிற நாட்டின் கதவைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள். சொந்த நாட்டின் கதவைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. அதன் வரலாறும் சுவாரசியமானது. 1961 இன் 70 ஆம் இலக்கக் கட்டாயப் பொதுச்சேவைச் சட்டம் பட்டதாரிகளைக் குறிப்பிட்ட காலம் அரச சேவையில் வைத்திருக்க வழி செய்தது. இலவசமாகப் படித்தாய், நின்று உழைத்துவிட்டுப் போ என்பது அதன் நியாயம். 1971 இன் 53 ஆம் இலக்கச் சட்டம் கடவுச்சீட்டையும் வெளியேறும் அனுமதியையும் ஒழுங்குபடுத்தியது. 1974 இல், தகைமை பெற்றவர்கள் நாட்டை விட்டுப் போவதைப் பற்றி ஆராய்ந்த அமைச்சரவைக் குழுவின் அறிக்கையே வெளிவந்தது. மூளைசாலிகள் வெளியேற்றம் என்று பத்திரிகைகள் இன்றைக்கு எழுதுகிற கவலை அவ்வளவு பழசு.

1977 க்குப் பிறகு காற்று மாறியது. 1980 இல் வெளிநாட்டு வேலை முகவர் நிலையங்களுக்குச் சட்டம், 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். ஆளை மறித்த அரசாங்கம் ஆளை அனுப்புகிற அரசாங்கமாக மாறியது. அந்த மாற்றத்தின் உச்சம் 2022. டொலர் இல்லை, பெற்றோல் கியூ, மருந்து இல்லை. அந்த யூன் மாதம் வந்த 14/2022 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரைக்கும் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டுக்குப் போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்றது. உழைக்கிற காசில் ஒரு பகுதியை இங்கே அனுப்ப வேணும் என்பது நிபந்தனை. அம்மப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினோம். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

எங்கட அபிப்பிராயம் இதுதான். ஆசிரியரின் தகைமை என்ன என்பதைப் பெரும்பாலும் சான்றிதழ் தீர்மானிப்பதில்லை. எடுக்கிற நாட்டின் அவசரமும் அனுப்புகிற நாட்டின் கஜானாவும்தான் தீர்மானிக்கின்றன. நைஜீரியாவின் அவசரத்தில் இருபது நிமிசமும் ஒரு முக்கோணமும் போதுமாக இருந்தது.

இப்போது அக்காவின் நாற்பத்து மூன்று தாளுக்கு வருவோம். இங்கிலாந்தில் கணித, விஞ்ஞான, மொழி ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு. 2023 பெப்ரவரியில் அந்த நாடு ஒன்பது இடங்களின் ஆசிரியர்கள் தங்கள் தகைமையை நேரடியாக ஏற்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்று புதிதாகக் கதவைத் திறந்தது. இந்தியா, கானா, ஹொங்கொங், ஜமெய்க்கா, நைஜீரியா, சிங்கப்பூர், தென்னாபிரிக்கா, உக்ரேன், சிம்பாப்வே. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. நைஜீரியா இருக்கிறது! அம்மப்பா போய்ப் படிப்பித்த பிள்ளைகளின் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம், அம்மப்பாவின் பேத்தி விண்ணப்பிக்க ஏலாது. பட்டியலில் இருந்திருந்தாலும் புவியியலுக்கு இடம் இல்லை. கலைப்பீடத்துக்காரரான நாங்கள் இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தோம்.

ஒரு தாள் அக்காவைப் போட்டு வதைக்கிறது. இங்கிலாந்தும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணமும், நீர் படிப்பித்த நாட்டில் உமக்கு ஆசிரியராக வேலை செய்ய அனுமதி உண்டு, ஒழுக்கப் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று அதற்குப் பொறுப்பானவர்கள் தருகிற கடிதத்தைக் கேட்கின்றன. ஒன்ராறியோவில் 1997 இல் இருந்து ஆசிரியர்களைப் பதிவு செய்ய ஒரு கல்லூரி இருக்கிறது. பெயர்தான் கல்லூரி, அங்கே படிப்பு நடப்பதில்லை. நைஜீரியாவிலும் 1993 இன் ஆணை ஒன்றால் ஆசிரியர் பதிவுச் சபை உருவானது. இலங்கையில் மருத்துவருக்கு மன்றம் இருக்கிறது, சட்டத்தரணி உச்ச நீதிமன்றத்தில் பதிகிறார். ஆசிரியருக்கு அப்படி ஒரு தனி மன்றம் இல்லை. நியமனக் கடிதம்தான் எங்கட அனுமதிப்பத்திரம், அதைத் தருவதும் அரசாங்கம். அப்போ அந்தக் கடிதத்தை ஆரிடம் கேட்பது? அக்கா நான்கு கந்தோர் ஏறி இறங்கியிருக்கிறா. ஓரிடத்தில் "இது எங்கட வேலை இல்லை, தங்கச்சி" என்று சொல்லி, இன்னோரிடத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார்களாம். அது அவ ஏற்கெனவே போய்வந்த இடம்.

ஒன்ராறியோவில் இன்னொரு சிக்கல். அங்கே 2015 இல் இருந்து ஆசிரியர் பயிற்சி நான்கு செமிஸ்டர். எங்கட டிப்ளோமா ஒரு வருடம். மிச்சத்தை அங்கே போய்ப் படிக்க வேண்டி வரலாம். ட்ரான்ஸ்கிரிப்டையும் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேணும், கையில் கொண்டுபோனால் எடுக்கமாட்டார்கள். இவை இல்லாமல், பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேறுகளை உறுதிப்படுத்தி, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் முத்திரை குத்தி, பொலிஸ் சான்றிதழும் எடுக்க வேணும். கொன்சியூலர் வேலைக்கு இப்போது யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் இருப்பது ஒரு ஆறுதல்.

மாலைதீவுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறா. 1960 களின் தொடக்கத்தில் மாலேயில் ஆங்கில மொழிமூலப் படிப்பைத் தொடங்கியபோது அங்கே போனவர்களே இலங்கை ஆசிரியர்கள்தான். அறுபது வருடமாகத் திறந்திருக்கிற கதவு. எங்கட ஆட்கள் ஏனோ அதைப் பெரிசாகக் கதைப்பதில்லை.

எங்களுக்குள் இந்த விசயத்தில் ஒரே கருத்து இல்லை. முல்லைத்தீவில் இருந்து வந்த தோழன் ஒருவன், தான் பத்தாம் ஆண்டு முழுக்கக் கணித ஆசிரியர் இல்லாமல் படித்ததைச் சொன்னான். "நைஜீரியாவுக்கு ஒரு சேர் போக, இஞ்ச எந்தப் பிள்ளைக்குச் சேர் இல்லாமல் போச்சுது எண்டு ஆரும் எண்ணினதோ?" இன்னொருத்தி, ஆசிரியரின் சம்பளத்தில் அவனே ஒரு மாதம் வீடு நடத்திக் காட்டட்டும் என்றாள். 2004 செப்ரெம்பரில் கொமன்வெல்த் நாடுகள் இதற்கென்று ஒரு ஆசிரியர் சேர்ப்பு நெறிமுறையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கரீபியன் தீவுகளில் இருந்து இங்கிலாந்து ஆசிரியர்களை அள்ளிக்கொண்டு போனதில் வந்த சண்டைதான் அதன் பின்னணி. எடுக்கிற நாடு அனுப்புகிற நாட்டுக்கு அறிவிக்க வேணும், வருகிற ஆசிரியரை உள்ளூர் ஆசிரியரைவிடக் குறைவாக நடத்தக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் இல்லை, வாக்குறுதி மட்டும். அன்றைய வாக்குவாதம் முடியவில்லை, தேத்தண்ணிக்குக் காசு கொடுக்கவும் மறந்துபோனோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவை அம்மப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணாடியைப் போட்டு நீல பைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு, "லீவுக் கடிதம் எங்க பிள்ளை?" என்று கேட்டார்.

"அது இன்னும் வரேல்ல சேர்."

"அது கையில வராமல் பிளேன் ஏறாதை. வந்தாப் பிறகு, அது முடியிற திகதியைச் சுவரில பெரிசா எழுதி வை."

திரும்பி வரும்போது அக்கா சொன்னா, அந்தக் கடிதத்துக்கு அதிபரின் சிபாரிசு வேணுமாம். தரலாம், ஆனால் பதினொராம் ஆண்டுக்கு வேறு புவியியல் ஆசிரியர் இல்லை, ஓ.எல். பரீட்சை முடியும்வரை நிற்க முடியுமா என்று அதிபர் கேட்டிருக்கிறார். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.